சவரிமுத்துவின் தோள்

கிள்ளான் ஆற்றில் மூழ்கும் மரக்கட்டைகளுக்கு நீந்திப்போய்க் கயிறு கட்டுவதுதான் சவரிமுத்துவின் வேலை. வலது தோள் வீங்கி, கையைத் தூக்க முடியாமல் போனதும், கங்காணி மாசிலாமணி அவனைப் பிரிக்பீல்ட்ஸில் சுளுக்கு எடுக்கும் ஆண்டியப்பனிடம் இழுத்து வந்தார்.

ஆண்டியப்பன் தோளைத் தடவிப் பார்த்தார். "ஒரு மாசம் தண்ணியில எறங்கக் கூடாது."

"நாளைக்கே நீந்தணும்லா! நல்லா அழுத்து, இப்படி!" என்று கங்காணி அந்தக் கையைப் பிடித்து முறுக்கினார்.

சவரிமுத்து அலறினான். மறு கையால் அவரை வாசலுக்கு வெளியே தள்ளினான்.

"இனி உன் கட்டைய நீயே முங்கி எடு!"

"உனக்கு வேலை கிடையாது, போடா!" கங்காணி கத்திக்கொண்டே போனார்.

சவரிமுத்து திரும்பி வந்து பாயில் உட்கார்ந்தான்.

"கோபம் அடங்கட்டும்பா. தோள் கல்லாட்டம் இறுகிக் கிடக்கு," என்றார் ஆண்டியப்பன்.

"அது இன்னிக்கு அடங்காதுண்ணே. நீங்க எண்ணெய ஊத்துங்க."