உச்சியக்காவின் ஊசி

பகல் ஒன்றே முக்கால் மணிக்குத்தான் உச்சியக்காவுக்கு உறைத்தது, தான் இன்னும் சாப்பிடவில்லை என்று. பல்லைக் கடித்துக்கொண்டு பட்டினி கிடந்தாள் என்று நினைக்க வேண்டாம். வேலை தலைக்கு மேல் கிடந்தது என்றும் இல்லை. சாப்பாடு என்று ஒன்று இருப்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

இரண்டு கைகளும் கிரேன் லீவர்கள் மீது இருந்தன. காலுக்கடியில் கண்ணாடித் தரை. அதற்குக் கீழே அறுபத்திரண்டு மீட்டர் வெறும் காற்று. அதற்கும் கீழே, வெறும் தொப்பிகளாகத் தெரிகிற இருநூறு பேர். பதினோரு வருஷமாகப் பார்த்து வரும் காட்சிதான். அன்று அவள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தது வெளியே அல்ல, உள்ளே. மண்டைக்குள் ஒரு சத்தமும் இல்லை.

விவரம் தெரிந்த நாளிலிருந்து அங்கே ஒருத்தி குடியிருந்தாள். 'அடுத்து என்ன, எப்போ, எவ்வளவு' என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். காலையில் பல் துலக்கும்போதே மத்தியானச் சாப்பாட்டுப் பேச்சை எடுப்பாள். இதே கேபினில் நாலு டப்பாக்களை வரிசையாக வைத்து, ஒரு சுமை இறக்கியதும் ஒரு வாய் என்று அவளுக்குப் படியளந்தே காலம் போயிற்று. இப்போது அவளைக் காணோம். "எங்கடி போன?" என்று உச்சியக்கா வாய்விட்டே கேட்டாள். பதில் இல்லை. உடம்பு சிலிர்த்துப் போயிற்று.

இந்த அமைதி வந்து சேர ஏழு மாதம் ஆயிற்று. அதற்குக் காரணம் ஒரு சின்னச் சீட்டு. கிரேன் ஏறுகிறவர்கள் உடம்பைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் பாதுகாப்புப் பெல்ட்டில் அது தைக்கப்பட்டிருந்தது. பதினோரு வருஷம் யாரும் அதைப் படிக்கவில்லை. புதிதாக வந்த பாதுகாப்பு அதிகாரி படித்துவிட்டார். ஆளும் சாமானும் சேர்த்து நூற்றிருபது கிலோ, அதற்கு மேல் கூடாது என்று போட்டிருந்தது. உச்சியக்கா வெறும் ஆளாகவே நூற்று முப்பத்துநாலு.

"மேடம், நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது," என்றார் அவர். திட்டியிருந்தால்கூடத் தேவலை, மரியாதையாகப் பேசியதுதான் சுட்டது. அன்றைக்கே அவளைக் கீழே இறக்கி, கம்பிக் கட்டுகளுக்குக் கொக்கி மாட்டுகிற வேலையில் போட்டார்கள். தரையில் நின்று தன் கிரேனை அண்ணாந்து பார்க்க வேண்டிய நிலைமை. வேறொருவன் அதை ஓட்டிக்கொண்டிருந்தான், அதுவும் சுமாராக.

புத்தி சொல்ல ஆளுக்கா பஞ்சம்? ஒல்லியானவர்கள் இலவசமாகவே சொல்லுவார்கள். வாயைக் கட்டு, நட, ராத்திரி சாப்பிடாதே. இவற்றையெல்லாம் இருபது வருஷமாக அவள் செய்து பார்த்தாயிற்று. பத்து கிலோ போகும், பதினைந்தாகத் திரும்பி வரும். கடைசியில்தான் டாக்டரிடம் போனாள். கூடவே கணவரும் வந்தார். தையல் மெஷின் ரிப்பேர் செய்கிறவர். ஒரு நாளைக்கு மூன்று வேளை வளைத்துக் கட்டியும் ஒட்டடைக்குச்சி மாதிரி இருப்பார். அந்த அநியாயத்தை அவள் கல்யாணமான நாளிலிருந்து மன்னிக்கவில்லை.

டாக்டர் அவள் வயதுக்காரி. ரத்தம், சர்க்கரை, குடும்பத்தில் யாருக்கு என்ன வியாதி என்று எல்லாம் விசாரித்துவிட்டு, வாரம் ஒரு தடவை வயிற்றில் போட்டுக்கொள்ளும் ஊசி ஒன்றைச் சொன்னார்.

"முதல்ல நல்லதச் சொல்றேன். நிறையப் பேருக்கு எடை குறையும். சர்க்கரை, ரத்த அழுத்தம், முட்டி வலி இதெல்லாமும் குறைய வாய்ப்பு இருக்கு. இப்ப கெட்டதையும் கேட்டுக்கோங்க. குமட்டும், வாந்தி வரலாம். மலச்சிக்கல் வரலாம். பித்தப்பையில கல்லு வரலாம். கணையம் வீங்கலாம், அது அபூர்வம், ஆனா வந்தா விளையாட்டு இல்ல. கொழுப்போட சதையும் கரையும். நிறுத்தினா போன எடை பெரும்பாலும் திரும்பி வந்துடும்."

கணவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "இவ்வளவு இருக்கா? அப்புறம் எதுக்கு டாக்டர் இந்த ஊசி?"

"இந்த எடையோட இருக்கறதுலயும் ஆபத்து இருக்குங்க. அதுக்கு மட்டும் யாரும் பக்க விளைவுன்னு சீட்டு எழுதி ஒட்டறதில்ல." பிறகு அவள் பக்கம் திரும்பினார். "முக்கியமானது தண்ணி. இதுல சிலருக்குத் தாகமும் குறைஞ்சுபோகும். தாகம் எடுக்கலன்னாலும் ஒரு நாளைக்கு ரெண்டரை லிட்டர் உள்ள போகணும். விடாம வாந்தி வந்தா அன்னிக்கே எனக்கு போன் பண்ணணும்."

"சரிங்க டாக்டர்," என்று உச்சியக்கா தலையாட்டினாள். வினை எல்லாம் அந்தத் தலையாட்டலில்தான் இருந்தது.

மூன்றாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, தட்டில் பாதிச் சோறு மிச்சம் இருக்கும்போதே கை தானாக நின்றது. அவள் தட்டையே பார்த்தாள். அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள்.

கணவர் பதறிக்கொண்டு ஓடி வந்தார். "என்னாச்சு? வயிறு வலிக்குதா? நான் அப்பவே சொன்னேன்ல, கணையம்னு!"

"வலிக்கலைங்க. போதும்னு இருக்கு."

"போதும்னா எழுந்து கை கழுவு. அதுக்கு எதுக்கு அழற?"

"உங்களுக்கு தினமும் இப்படித்தான் இருக்குமா? போதும்னு தானாவே தோணுமா?"

அவர் யோசித்தார். தையல் மெஷினில் சிக்கிய நூலைப் பார்க்கிற மாதிரி அவளைப் பார்த்தார். "ஆமா. எல்லாருக்கும் அப்படித்தானே?"

எல்லாருக்கும் அப்படித்தானாம்! நாற்பத்துமூன்று வருஷம் யாரும் அவளிடம் இதைச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் சோத்துமூட்டை என்றார்கள். கூடப் பிறந்தவர்களே வாயைக் கட்டத் தெரியாதவள் என்றார்கள். அவளும் அதுதான் தன் குணம் என்று நம்பி, வெட்கப்பட்டு, நாலு சுவருக்குள் நின்று தின்றாள். இப்போது நகத்தளவு நீளம்கூட இல்லாத ஒரு ஊசி, ஒரு சொட்டு மருந்து, அந்தக் குணத்தை ஊதி அணைத்துவிட்டது. அப்படியென்றால் அது குணமே இல்லையா? அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. கோபமும் தாங்கவில்லை. இரண்டும் சேர்ந்து அழுகையாக வந்தன.

ஏழாம் மாதம், பூட்ஸும் பெல்ட்டும் கருவிகளும் சேர்த்து நூற்றுப் பதினெட்டு கிலோ. அதிகாரியே எடை பார்த்துக் கையெழுத்துப் போட்டார். உச்சியக்கா மறுபடியும் உச்சிக்குப் போனாள்.

இப்போது அந்தத் தண்ணீர் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். கிரேன் கேபினில் கக்கூஸ் கிடையாது. ஏணியில் இறங்கப் பத்து நிமிஷம், ஏறப் பதினைந்து நிமிஷம். அவ்வளவு நேரமும் கீழே இருநூறு பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஆண்கள் ஒரு பாட்டிலைக் கொண்டுபோய்விடுவார்கள். அவள் வேறு வழி கண்டுபிடித்திருந்தாள். விடிந்ததிலிருந்து தண்ணீரே தொடுவதில்லை. மத்தியானம் தொண்டையை நனைக்க ஒரு மடக்கு, அவ்வளவுதான். பதினோரு வருஷத்தில் ஒரு நாள்கூட அந்தக் காரணத்துக்காகக் கிரேன் நின்றதில்லை. "உச்சியக்கா இரும்பு" என்று மேஸ்திரி புதிய ஆட்களிடம் சொல்லுவார். தின்பதில் மனசு அடங்காதவள் என்று ஊரே சொன்ன ஒருத்திக்கு, அடக்கத் தெரிந்தவள் என்று கிடைத்த ஒரே பட்டம் அது. அதை டாக்டருக்காக விட்டுக்கொடுப்பாளா? மேலும், இப்போது தாகம் வேறு எடுக்கவில்லை. நல்லதாகப் போயிற்று என்றுதான் நினைத்தாள்.

ஏறிய நாலாவது வாரம் மருந்தின் அளவைக் கூட்டினார்கள். இரண்டு நாள் வாந்தி. போன் செய்தால் லீவு போடச் சொல்லுவார்கள், லீவு போட்டால் சீட்டில் அந்தச் சுமாரான ஆள் வந்து உட்காருவான். அவள் போன் செய்யவில்லை. கணவரிடமும் மூச்சு விடவில்லை. மூன்றாம் நாள் காலையில் சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் போயிற்று. பார்த்துவிட்டு ஏணி ஏறினாள்.

பத்தரை மணிக்குக் கிரேன் கொக்கியில் ஒரு கான்கிரீட் சுவர்ப் பலகை தொங்கிக்கொண்டிருந்தது. கெண்டைக்கால் இழுத்தது. கீழே இருந்த இருநூறு தொப்பிகள் நானூறாகத் தெரிந்தன.

"கொஞ்சம் இடது... இன்னும் கொஞ்சம்... தங்கச்சி, சொன்னது கேட்டுச்சா?" வாக்கி டாக்கியில் சிக்னல்காரர். எட்டு வருஷமாக அவளுக்குக் கீழேயிருந்து வழி சொல்லுகிறவர். "தங்கச்சி, என்ன பேச்சே இல்ல?"

பலகைக்குக் கீழே மூன்று பேர் நின்றார்கள். அவர்களை விலகச் சொல்லுங்கள் என்று எப்படியோ சொன்னாள். லீவரை அங்குலம் அங்குலமாகத் தள்ளினாள். பலகை தரையைத் தொட்டது கண்ணுக்குத் தெரியவில்லை, கம்பி தளர்ந்தது கைக்குத் தெரிந்தது. அதற்கப்புறம்தான் வாக்கி டாக்கியின் பொத்தானை அழுத்தினாள்.

"அண்ணே, என்னால முடியல."

பாதுகாப்பு அதிகாரியும் இன்னொருவரும் மேலே ஏறி வந்தார்கள். அவளால் ஏணியில் கால் வைக்க முடியவில்லை. பெல்ட்டில் கயிறு மாட்டி, கேபினுக்கு வெளியே, காற்றில் விட்டார்கள்.

பதினோரு வருஷமாகச் சுமைகளை இறக்கியவள் அன்று தானே சுமையாக இறங்கினாள். எந்தத் தளத்தையும் தொடாமல், மெதுவாகச் சுழன்றபடி, வெயிலுக்கு நடுவே. பாதி மயக்கத்தில் இருந்தாள். பயப்பட வேண்டிய நேரம்தான், ஆனால் அவளுக்குப் பயம் வரவில்லை, பிரமிப்புதான் வந்தது. தன்னைச் சாய்த்தது அந்த ஊசி. அந்த ஊசி மட்டும் இல்லாவிட்டால், பழைய நூற்று முப்பத்துநாலு கிலோவோடு, இந்தக் கயிற்றில் தொங்கத் தனக்குத் தகுதியே கிடையாது. ஒரே மருந்து கீழே தள்ளிவிட்டு ஏந்தியும் கொள்கிறதே, இதைக் கும்பிடுவதா, திட்டுவதா? தலைக்கு மேலே வானம் சுற்றிக்கொண்டே இருந்தது.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு இருக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்கு இருந்தது. இரண்டு நாள் பாட்டில் பாட்டிலாக ஏற்றினார்கள். மூன்றாம் நாள் டாக்டர் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தினமும் எவ்வளவு தண்ணி குடிச்சீங்க?"

உச்சியக்கா போர்வையைப் பார்த்தாள். கணவர் அவளைப் பார்த்தார்.

"மேல கக்கூஸ் இல்லைங்க டாக்டர்."

டாக்டரின் பேனா நின்றது. "இத முதல் நாளே சொல்லியிருக்கலாமே?"

"வெக்கமா இருந்துச்சு."

"ஊசி மட்டும் இதச் செய்யல. நீங்களும் ஊசியும் சேர்ந்து செஞ்சிருக்கீங்க."

"நிறுத்திடலாம் டாக்டர்," என்றார் கணவர். "இவ குண்டாவே இருக்கட்டும். கம்பிக்குக் கொக்கி மாட்டட்டும். எனக்கு இவ இருந்தாப் போதும்."

"நிறுத்தலாம், தப்பே இல்ல. இல்லன்னா சிறுநீரகம் சரியானதுக்கப்புறம் பழைய அளவுலயே நிதானமா தொடரலாம். மாசா மாசம் ரத்தம் பாக்கணும். தண்ணி ரெண்டரை லிட்டர். அதுக்கு வேலை நடுவுல ரெண்டு தடவையாவது இறங்கி ஏறணும். முடியுமான்னு நீங்கதான் சொல்லணும்."

உச்சியக்கா யோசித்தாள். நிறுத்தினால் மண்டைக்குள் அந்த ஒருத்தி பெட்டி படுக்கையோடு திரும்பி வருவாள், கேபின் போகும். பழையபடியே தொடர்ந்தால் சிறுநீரகம் போகும். இரண்டும் போகக் கூடாது என்றால் வேறொன்று போயாக வேண்டும். அது எது என்று அவளுக்கு அன்றைக்கே தெரிந்தது. அந்த 'இரும்பு' என்கிற பட்டம்தான். அதை விடுவது எடையைக் குறைப்பதை விடக் கஷ்டமாக இருந்தது, சத்தியமாக.

கணவரின் கையைப் பிடித்தாள். "எனக்கு மேலயும் போகணும், உங்க கூடவும் இருக்கணும். ரெண்டும் வேணுங்க."

ஆறு வாரம் கழித்து டாக்டர் சரி என்று எழுதிக் கொடுத்தார். இறங்கி ஏற நேரம் ஒதுக்கி அதிகாரியும் எழுதிக் கொடுத்தார். முதல் நாள், பத்து நாற்பதுக்குள் உச்சியக்கா ஒன்றரை லிட்டர் குடித்து முடித்திருந்தாள். அடிவயிறு முட்டியது. கொக்கியில் கான்கிரீட் பக்கெட். எட்டாம் தளத்தில் மேஸ்திரி, "சீக்கிரம், சீக்கிரம், இறுகிடப் போகுது!" என்று வாக்கியில் கத்திக்கொண்டிருந்தார்.

காகிதத்தில் எழுதி வாங்குவது வேறு, வாயால் சொல்வது வேறு. சொன்னால் அந்தச் சேனலில் இருக்கிற அத்தனை பேரும் கேட்பார்கள். இன்னும் ஒரு மணி நேரம் அடக்கலாம், அவளுக்குத் தெரியும். அந்த அடக்கம்தான் அவளை ஆஸ்பத்திரிக் கட்டிலில் போட்டது, அதுவும் தெரியும். எட்டாம் தளத்தில் பக்கெட்டைக் கொட்டி முடித்தாள். காலிப் பக்கெட்டைத் தரையில் வைத்தாள். பொத்தானை அழுத்தினாள்.

"அண்ணே, கிரேன நிறுத்தறேன். மூத்திரம் போகணும். கீழ இறங்கறேன்."

எட்டாம் தளத்தில் மேஸ்திரி வாக்கியைக் கையில் பிடித்தபடி அவள் கேபினைத் திரும்பிப் பார்த்தார்.

"சரிம்மா," என்றார் சிக்னல்காரர். அவர் குரல் என்னவோ போல இருந்தது. "எல்லாரும் நில்லுங்க. உச்சியக்கா இறங்குது."

அவள் பெல்ட்டை மாட்டி ஏணியில் கால் வைத்தபோது வாக்கி மறுபடியும் கரகரத்தது. பக்கத்துக் கிரேனை ஓட்டுகிறவர். பதினாலு வருஷ அனுபவஸ்தர், மீசைக்காரர், அதிகம் பேசாதவர்.

"அக்கா... அப்ப நானும் இறங்கறேன்."

கீழே யாரோ சிரித்தார்கள். பிறகு நிறையப் பேர் சிரித்தார்கள். உச்சியக்கா ஏணியில் நின்று ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள். இரண்டு பெரிய கிரேன்களும் ஆகாயத்தில் அசையாமல் நின்றன. இருநூறு தொப்பிகளும் அண்ணாந்து காத்திருந்தன, இரண்டு பேர் மூத்திரம் போய்விட்டு வருவதற்காக.