அண்ணியின் கட்டைவிரல்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றவில்லை. என் அண்ணியிடமிருந்து பிடுங்கப் பார்த்தேன்; அவர் கொடுக்கவில்லை. அவர் கொடுக்காமல் போனதைத்தான் இப்போது படிக்கிறீர்கள்.

அண்ணிக்கு வேலை, வீடியோ பார்ப்பது. இப்படிச் சொன்னால் உடனே எல்லோரும் "கொடுத்து வச்சவங்க" என்பார்கள். இணையத்தில் ஒருவர் ஒரு வீடியோவைப் போடுவார், இன்னொருவர் அது சரியில்லை என்று புகார் செய்வார், அது அண்ணியின் திரைக்கு வந்து சேரும். அவர் கடைசிவரை பார்த்துவிட்டு அதன்மேல் ஓர் ஆங்கிலச் சொல்லை ஒட்ட வேண்டும். டிஸ்டர்பிங். அப்செட்டிங். கிராஃபிக். எதுவும் பொருந்தாவிட்டால் பட்டியலின் அடியில் ஒன்று இருக்கிறது: நார்மல். முதல் மூன்றில் ஒன்றை ஒட்டினால் வீடியோ மங்கிவிடும், அல்லது காணாமலே போகும். நீங்களும் நானும் சாப்பிட்டுக்கொண்டே ஃபோன் திரையை விரலால் தள்ளும்போது அது கண்ணில் படாது.

2

(இந்தப் பகுதி கட்டுரை மாதிரி இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

அந்தச் சொற்கள்மேல் எனக்கு மரியாதையே இருந்ததில்லை. டிஸ்டர்ப் என்பது நம் வீடுகளில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையின் அறைக் கதவைத் தட்டுவது. ஒரு கொலையைப் போய் டிஸ்டர்பிங் என்றால் எப்படி? அப்செட் ஆவது பெரும்பாலும் வயிறு. கிராஃபிக்ஸ் என்றால் சினிமாவில் வருகிற பொய்ப் புலி. அண்ணியின் ஆபீஸில் கிராஃபிக் என்றால் நிஜ ரத்தம்.*

அதனால் வீட்டில் இவற்றை வைத்துக் கூத்தடித்தோம். அண்ணன் சமைத்தால் டிஸ்டர்பிங். கரண்ட் பில் அப்செட்டிங். காலையில் நான் தலை வாராமல் வந்து நின்றால் கிராஃபிக். அண்ணிதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பார்.

* ஆபீஸில் மனநல ஆலோசகர் ஒருவர் இருக்கிறார். வாரம் தவறாமல் கூப்பிட்டு உட்காரவைத்து, "எப்படி ஃபீல் பண்றீங்க?" என்று கேட்பார். நம் ஊர் வழக்கில் ஃபீல் பண்ணுவது என்றாலே வருத்தப்படுவதுதானே? அண்ணி பதறிப்போய், "அய்யோ, ஃபீல் எல்லாம் பண்ணலைங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவாராம்.

3

தொடக்கம், முதல் முயற்சி: திரையில் ஒரு மனிதன் கயிற்றை எடுத்து

(விட்டுவிட்டேன்.)

இரண்டாம் முயற்சி: அந்த நாயின் கழுத்தில்

(இதையும்.)

இரண்டுமே என் கற்பனை. அவர் என்ன பார்த்தார் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளக் கேட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து, பெயர் போடமாட்டேன், ஊர் போடமாட்டேன், ஒரே ஒரு வீடியோவைப் பற்றி மட்டும் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். அண்ணி என் சட்டை ஒன்றை உதறி மடித்து என் மடியிலேயே வைத்தார்.

"நான் பாத்தது பத்தாதா தம்பி? நீயும் பாக்கணுமா? நீ பாக்கக்கூடாதுன்னுதானே எனக்குச் சம்பளம் தர்றாங்க."

எழுத்தாளன் என்ற கெத்தோடு போனவன் மடித்த சட்டையோடு திரும்பி வந்தேன்.

4

சரியான தொடக்கம் இதுவாக இருந்திருக்க வேண்டும்:

பட்டாணி சைக்கிள் கற்றுக்கொண்டாள். பட்டாணி என்பது அண்ணன் மகள். பிறந்தபோது அந்த அளவுதான் இருந்தாள் என்று நான் வைத்த பெயர். அண்ணன் பின்னால் பிடித்துக்கொண்டே ஓடி, சொல்லாமல் கையை விட்டார். அவள் தெருமுனை வரை தனியாகப் போய்ச் சேர்ந்தாள். அண்ணிக்கு அன்று ஷிஃப்ட். அதனால் முழுவதையும் நான் வீடியோ எடுத்தேன்.

அண்ணி வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் பட்டாணி ஃபோனை நீட்டினாள். அண்ணி வாங்கினார். முதலில் சத்தத்தை அணைத்தார். பிறகு திரையைக் கறுப்பு வெள்ளையாக்கினார். அப்புறம் கட்டைவிரலைக் குறுக்கே வைத்துப் பாதித் திரையை மறைத்துக்கொண்டு, மீதிப் பாதியில் தன் மகளைப் பார்த்தார். ஆபீஸில் பழகிய பழக்கம். சத்தமும் நிறமும் போனால் பாரம் குறையும் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

"அம்மா, நீ என்னைப் பாக்கவே இல்ல."

"பாத்தேன்டா செல்லம்."

"விரல வச்சு மறச்சிட்டே."

அன்று வீட்டில் யாரும் எதற்கும் சொல் ஒட்டவில்லை. பிறகு சமையலறையில் என்னிடம் மட்டும் அண்ணி சொன்னார், தெரு ஓரத்தில் ஏதாவது வண்டி வந்துவிடுமோ என்றுதான் விரலை வைத்தாராம். ஒன்றும் ஆகவில்லை என்று தெரியுமே அண்ணி, பிள்ளை எதிரிலேயே நிற்கிறாளே என்றேன்.

"நல்லபடியா முடியற வீடியோவுக்கு யாரும் கம்ப்ளெயிண்ட் பண்றதில்ல தம்பி. என்கிட்ட வர்றதெல்லாம் மத்ததுதான். குழந்தை, சைக்கிள், ரோடுன்னு பாத்தாலே என் கை தானா போயிடுது." குழாயை மூடிவிட்டு நின்றார். "எம் பொண்ணு சிரிச்சாளான்னுகூட எனக்குத் தெரியல."

5

(இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அண்ணியைத் தியாகச் செம்மலாக்கிவிட்டேனோ? இதுவரை எழுதியதை அவரிடமே கொடுத்தேன். படித்துவிட்டு, சீட்டாட்டத்தில் தான் ஏமாற்றுவதையும், காலையில் குளியலறைக்குள் போனால் அடுத்தவர் கதவை உடைக்கும்வரை வெளியே வராததையும் சேர்க்கச் சொன்னார். சேர்த்துவிட்டேன்.)

முடிவுகள்:

(அ) அண்ணி வேலையை விட்டுவிடுகிறார். வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டிருக்கிறார் என்பது நிஜம். பதில் வரவில்லை. பதில் வராததை எழுதிக் கதையை முடிக்க முடியாது.

(ஆ) ஒருநாள் எல்லாவற்றையும் என்னிடம் கொட்டிவிடுகிறார். இது என் பேராசை.

(இ) அவருடைய இடத்தில் உட்கார்ந்து நான்

(முடியாது. எனக்கு அந்தத் தெம்பு இல்லை.)

மூன்றையும் அடித்த பிறகுதான் உறைத்தது. அந்தச் சொற்களை வெறும் சப்பைச் சொற்கள் என்றல்லவா நினைத்திருந்தேன்? ஒவ்வொன்றும் ஒரு மூடிய கதவு. கதவு தானாக மூடிக்கொள்ளவில்லை. உள்பக்கம் ஓர் ஆள் முதுகைக் கொடுத்து நிற்கிறார். நான் இத்தனை வருடமாக நிம்மதியாகச் சாப்பிட்டிருக்கிறேன். என்னைப்போல எத்தனையோ பேர். அவர்களில் யாருக்கும் அண்ணியைத் தெரியாது.

வீட்டுக்குள் ஒருவருக்கொருவர் நன்றி சொல்லும் பழக்கம் நமக்கு இல்லை. சொன்னால் உடம்பு சரியில்லையா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். அதனால் அச்சிலேயே சொல்கிறேன். அண்ணி, ரொம்ப நன்றி. நீங்கள் சொல்லாத அத்தனைக்கும்.

6

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணி என்னிடம் வந்து, அந்த வீடியோ இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். ஃபோனைக் கொடுத்தேன். பட்டாணியையும் கூட்டிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் வெளியே நின்றேன். கட்டைவிரல் எங்கே இருந்தது, திரையில் நிறம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. கதவைத் திறந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. இதையாவது அவரிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டாமா?

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு உள்ளேயிருந்து, அன்றைக்குத் தெருவில் கத்திய என் குரலே எனக்குக் கேட்டது: "பிரேக்கைப் புடிடி!" அதன்மேல் சைக்கிள் மணி. அதன்மேல் பட்டாணியின் சிரிப்பு. திரும்ப முதலிலிருந்து. திரும்பவும்.

கதவு திறந்தது. அண்ணியின் கண்ணெல்லாம் ஈரம். என் ஃபோனை என் கையில் வைத்துவிட்டு, ஆபீஸில் சொல்வதைப்போலவே ஒரே ஒரு சொல் சொன்னார். அந்தப் பட்டியலில் இருக்கிற சொல்தான், வீட்டுக் கூத்தில் நாங்கள் ஒருமுறைகூட ஒட்டாதது. உங்களுக்கும் இப்போது பட்டியல் தெரியும்.

நீங்களே ஒட்டிக்கொள்ளுங்கள்: [                ]