திரும்பக் கூடாத கால்

"நேரா வா, காபித் தட்டை வை, அப்படியே ரெண்டடி பின்வாங்கி என் பக்கத்துல உட்காரு. எங்கயும் சடார்னு திரும்பிடாதே." மகள் ரிஹாமின் முழங்காலில் ஆலிவ் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டே வஸீலா சொல்லிக்கொடுத்தாள்.

"இது கல்யாணப் பேச்சா, பட்டாளத்து அணிவகுப்பாம்மா?"

"அந்த வாய்க்கே எவனும் கட்டிக்க மாட்டான். இதுல காலு வேற."

நாபுல் நகரத்துப் பெண்கள் ஹேண்ட்பால் அணியில் ஆடுபவள் ரிஹாம். போன மாதம் ஆட்டத்தில் துள்ளி இறங்கித் திரும்பியபோது முழங்காலுக்குள் டக்கென்று ஏதோ அறுந்தது அவளுக்கே கேட்டது. சற்று நேரத்தில் முட்டி பூசணியாய் வீங்கிவிட்டது. எலும்பு மருத்துவரிடம் உடனே காட்டச் சொன்னார் பயிற்சியாளர். வஸீலாவோ முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தெரிந்த முகம் இல்லாத பக்கத்து ஊரில் ஓர் எக்ஸ்ரே மட்டும் எடுத்து வந்தாள். எலும்பு முறியவில்லை என்றார்கள். அவளுக்கு அது போதும். கண்ணேறுதான் என்று, அது கழிய வாசலில் ஒரு துணி மீனைக் கட்டித் தொங்கவிட்டாள்.

வீக்கம் வடிந்தது, மகள் நடந்தாள். திரும்பினால் மட்டும் கால் இடம்விட்டு நழுவியது. நொண்டி என்று பெயர் வந்தால் நல்ல சம்பந்தம் போய்விடுமே என்று அதையும் தாய் மூடி மறைத்தாள்.

பெண் பார்க்க மாப்பிள்ளையின் தாய் தலந்தா தன் தங்கையோடு வந்தாள். ஆரஞ்சுப்பூ நீர் மணக்கும் காபியை ஏந்தி ரிஹாம் நேராகத்தான் வந்தாள். பாதிக் கூடம் கடந்ததும், பின்னால் சன்னலோரம் நின்ற தங்கைக்காரி தனக்கும் ஒரு கோப்பை கேட்டாள். ரிஹாம் மறந்துபோய்த் திரும்பினாள். முட்டி மடங்கியது. கோப்பைகள் உருள, அவள் தரையில் கிடந்தாள்.

"கம்பளம் வழுக்கிடுச்சு போல," என்று தலந்தா பதறினாள்.

ஆமாம் என்ற சொல் வஸீலாவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மகளைப் பார்த்தாள். வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு, அம்மா சொல்லப்போகும் பொய்க்குத் தலையாட்ட அந்தப் பெண் தயாராகக் காத்திருந்தாள்.

"கம்பளத்து மேல தப்பில்லங்க. உள்ள என்னமோ அறுந்திருக்கு. இத்தனை நாளா நான்தான் மறைச்சேன்."

வந்தவர்கள் அப்புறம் சொல்லியனுப்புவதாகச் சொல்லிக் கிளம்பினார்கள். அனுப்பவில்லை.

மறுநாள் மருத்துவர் ரிஹாமின் முழங்கால்களை ஒவ்வொன்றாகச் சற்றே மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் காலை முன்னே இழுத்துப் பார்த்தார். நல்ல கால் சட்டென்று நின்றது. இந்தக் கால் மேசை இழுப்பறை மாதிரி வழுக்கி வந்தது. ஸ்கேனும் அதையே சொன்னது.

"எக்ஸ்ரேல எலும்புதான் தெரியும், ஜவ்வு தெரியாதும்மா. அந்த ஜவ்வுதான் அறுந்திருக்கு. அப்பவே வந்திருந்தா அநேகமா அதோட போயிருக்கும். கால் நழுவி நழுவி, இப்ப மெத்தை மாதிரி இருக்கிற குருத்தெலும்பும் கிழிஞ்சிருக்கு."

முதலில் பயிற்சி செய்து தொடைக்கு வலு ஏற்ற வேண்டும், பிறகு அவள் தசைநாரிலேயே ஒரு துண்டெடுத்துப் புது ஜவ்வு வைக்கலாம், மறுபடி ஆட ஒரு வருடம்கூட ஆகலாம் என்றார்.

வெளியே வந்தபோது எதிர்வீட்டுக்காரி நின்றிருந்தாள். பொண்ணுக்கு என்ன என்று இழுத்தாள். வஸீலா முக்காட்டை இழுத்துவிடவில்லை.

"ஜவ்வு கிழிஞ்சிருக்கு. மறைச்சு வெச்சு நான்தான் பெருசாக்கிட்டேன். உன் வீட்லயும் பொண்ணு இருக்கா. முட்டி வீங்குச்சுன்னா ஊரு என்ன பேசும்னு பார்க்காதே, அன்னிக்கே கொண்டுபோய்க் காட்டு. இந்த மாப்பிள்ளை இல்லாட்டி வேற மாப்பிள்ளை வருவான். வேற முட்டி வராது."