ஆவியில் வெந்த கடிதம்

ஆராய்ச்சிக்கூடத்து எலிக்கூண்டுகளுக்குக் காவலான கூண்டுக்காரருக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. கிருமி ஏற்றிய எலிகள் இருக்கும் அறைக்கு வெளியே, கண்ணாடி ஜன்னலை ஒட்டி முக்காலி போட்டு உட்கார்ந்து இருபது வருஷம் ஆகிறது. உள்ளேயிருந்து எது வெளியே வந்தாலும், கிருமி சாக, ஆவிப்பெட்டியில் அரைமணி நேரம் வெந்துதான் வரவேண்டும். கத்தரிக்கோலோ கையுறையோ, யார் வீட்டுச் சொத்தோ, அவருக்கு எல்லாம் ஒன்றுதான்.

அன்று மூன்று மணிக்கு டாக்டரம்மா தலைகால் புரியாமல் ஓடிவந்தாள். ஏழு வருஷமாகப் பேராசிரியருக்குக் கீழே நுரையீரல் நோயை ஆராய்ந்தவள். இப்படி அடுத்தவர் நிழலில் நிற்கிறவர்கள் தனியாகக் கடை போடுவதற்கென்றே ஒரு நிதி உண்டு. தனி அறை, தனி ஆட்கள், கதவில் அவள் பெயர். அது கிடைத்துவிட்டது. ஒரே ஒரு பாக்கி. 'இந்த எலிகளும் இந்த ஆராய்ச்சியும் இனி அவளுடையவை' என்று பேராசிரியர் கையெழுத்துப் போட்ட கடிதம் ஐந்து மணிக்குள் நிதி கொடுப்பவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும். தவறினால் நிதி அடுத்த ஆளுக்கு. பேராசிரியரோ உள்ளே எலிகளுக்கு ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார். ஆறு மணிக்கு முன்னால் வெளியே வர வழியில்லை.

கடிதம் உள்ளே போனது. கையெழுத்தும் ஆனது. கூண்டுக்காரர் விதிப்படி அதை ஆவிப்பெட்டியில் வைத்துப் பூட்டினார். எல்லாவற்றையும் அதில் போட்டே பழகிய டாக்டரம்மாவும் தலையாட்டிவிட்டு, முக்காலியில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தாள்.

திறந்தால், தண்ணீரில் ஊறின ரொட்டி மாதிரி ஓர் உருண்டை. கையெழுத்து இருந்த இடத்தில் நீலக் கறை.

முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. அவளுக்கு விக்கல் வந்துவிட்டது. கூண்டுக்காரர் சிரித்து அந்தக் கட்டடம் பார்த்ததில்லை.

"இன்னொண்ணு எழுதினாலும் இதே கதிதானே அண்ணே?" என்றாள், கண்ணைத் துடைத்தபடி. மணி நாலே கால்.

"அது எதுக்கும்மா வெளிய வரணும்? கண்ணாடி எதுக்கு இருக்கு?"

ஒலிவாங்கியை அழுத்திப் பேராசிரியரிடம் விஷயத்தைச் சொன்னார். சம்மதம் என்று தானே போனில் சொல்லிவிடுவதாகப் பேராசிரியர் இழுத்தார். கூண்டுக்காரரா விடுவார்?

"வாயால சொன்னா காத்தோட போயிடும் சார். ஒவ்வொரு கூண்டுலயும் தொங்குற சீட்டுல உங்க பேரை அடிச்சிட்டு அம்மா பேரை எழுதுங்க. ஒண்ணு விடாம. கடைசிச் சீட்டுக்குப் பின்னால கடிதத்துல இருந்த அந்த வாசகத்தையும் எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

பதினாலு சீட்டு. தலை முதல் கால் வரை மூடிய பேராசிரியர் ஒவ்வொன்றாகக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தார். முதல் மூன்றுக்கு முறைத்தார். எட்டாவதுக்கு இடுப்பை ஆட்டினார். பன்னிரண்டாவதைத் தலைகீழாகக் காட்டியதற்குக் கூண்டுக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். டாக்டரம்மா விக்கிக்கொண்டே படம் எடுத்து அனுப்பினாள்.

ஐந்துக்கு இரண்டு நிமிஷம் இருக்கையில் பதில் வந்தது. ஏற்றுக்கொண்டார்களாம். அவள் முக்காலியைத் தூக்கிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். உள்ளே பேராசிரியர் இரண்டு கையையும் தூக்கிக் குதித்தார்.

"அண்ணே, என் புது இடத்துக்கு நீங்கதான் கூண்டுக்காரர்."

அவர் முகம் சுருங்கியது. "எழுத்துல குடுங்க."

எழுதிக் கொடுத்தாள். ஆவிப்பெட்டியை விட்டு நாலடி தள்ளி நின்று வாங்கி, இரண்டு தரம் எழுத்துக்கூட்டிப் படித்து, சட்டைப்பையில் வைத்துப் பித்தானைப் போட்டுக்கொண்டார்.