இருபத்தாறாம் நாள்

நம் ஊரில் ஆளைக் கொல்கிற வார்த்தை ஒன்று உண்டு. பரவாயில்லை.

செஞ்சியில் திண்டிவனம் ரோட்டில் இருக்கும் ஒரு பராமரிப்பு இல்லத்தில் நான் நர்ஸ். பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து, உடனே வீட்டுக்குப் போக முடியாதவர்களை எங்களிடம் அனுப்புவார்கள். மொத்தம் பன்னிரண்டு கட்டில். காலையில் ஒவ்வொரு கட்டிலாகப் போய் எப்படி இருக்கிறது என்று கேட்பேன். பன்னிரண்டு பேரும் பரவாயில்லை என்பார்கள். குளிர்காய்ச்சலில் உடம்பு தூக்கிப் போட்டாலும் அதேதான். ஒரு வருஷம் நானும் அதை அப்படியே நோட்டில் எழுதி வந்தேன். அதற்கு என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும்.

ஏழாம் கட்டில் விநாயகம் ஐயா. பனமலைக்காரர், அறுபத்திரண்டு வயது. கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, உள்ளே பிளேட் வைத்து அனுப்பியிருந்தார்கள். மார்கழியில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விதைக்க வேண்டும், அதற்குள் எழுந்து நடந்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே பேச்சு.

வந்த இருபத்தாறாம் நாள் காலையில் கட்டைப் பிரித்தேன். வாடை அடித்தது. தையலோரம் சிவந்திருந்தது, அழுத்தினால் சீழ் வந்தது. காய்ச்சல் நூற்றொன்று. இது பிளேட் வரை இறங்கினால் கால் போய்விடும். ரத்தத்தில் கலந்தால் ஆளே போய்விடுவார்.

மேனேஜர் கோதண்டராமனிடம் ஓடினேன்.

“ஆபரேஷன் பண்ண எடத்துக்கே உடனே அனுப்பணும் சார்.”

“இன்னும் நாலு நாள் ஓட்டு எழில். முப்பது நாளுக்குள்ள பேஷண்ட் திரும்பிப் போனா அந்த ஆஸ்பத்திரி ரெக்கார்டுல கெட்ட பேரு. அப்புறம் நமக்கு ஒரு ஆள அனுப்ப மாட்டாங்க. மாத்திர குடுத்துப் பாரு.”

“சீழுக்குத் தேதி தெரியாது சார்.”

“அவரையே கேப்போம். அவரு இன்னா சொல்றாரோ அதான்.”

கெட்டிக்காரர். என்ன பதில் வரும் என்று அவருக்குத் தெரியும். ஏழாம் கட்டிலுக்கு வந்து, எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

“பரவால்ல சார்,” என்றார் ஐயா.

கோதண்டராமன் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். எனக்கு வந்த ஆத்திரத்தில் பாதி அவர்மேல், பாதி ஐயாமேல். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“ஐயா, உங்க ஊட்ல மாடு இருக்குதா?”

“ரெண்டு கறவ.”

“அதுக்குப் புண்ணுல சீழ் வச்சு இப்பிடி வாடை அடிச்சா இன்னா பண்ணுவீங்க?”

“அன்னிக்கே மாட்டு டாக்டரக் கூப்புடுவன்.”

“நாலு நாள் பொறுக்க மாட்டீங்களா?”

“வாயில்லா ஜீவன்மா. பொறுத்தா செத்துடும்.”

“மாடு பரவால்லன்னு சொல்லாது. அதான் பொழச்சுக்குது. நீங்க வாய் இருந்தும் சாவப் போறீங்க.”

அதிகம் பேசிவிட்டேனோ என்று பயமாக இருந்தது. அவர் ஜன்னல் வழியே தெரிந்த ராஜகிரிக் கோட்டை மலைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“வலிக்குதுமா,” என்றார். “மூணு நாளா உசுரு போவுது. உங்களுக்கு எதுக்குத் தொந்தரவுன்னு சொல்லல.”

“முப்பது நாளுக்குள்ள திருப்பி அனுப்புனா ரெக்கார்டு கெட்டுடும்னு மேனேஜர் சொல்றாரு. இப்ப நான் இன்னா பண்ணட்டும்?”

“வண்டியக் கூப்புடு.”

பஸ் ஸ்டாண்டில் ஆம்புலன்ஸ் வைத்திருக்கும் தாண்டவராயனுக்குப் போன் போட்டேன். அரை மணியில் வந்துவிட்டார். சைரன் கேட்டுக் கோதண்டராமன் வாசலுக்கு ஓடி வந்தார்.

“யாரக் கேட்டு வண்டியக் கூப்புட்ட?”

“நான்தான் கூப்புடச் சொன்னன்,” என்றார் ஐயா, ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி. “காலு என்னுது. உன் ரெக்கார்டு உன்னுது.”

நோயாளியோடு கூட அனுப்பும் தாளில், எதற்காக அனுப்புகிறோம் என்று எழுத ஒரு கட்டம் இருக்கும். கோதண்டராமன் என் காதருகே வந்தார்.

“பேஷண்ட் விருப்பம்னு மட்டும் எழுது. வேற எழுதுனா நாளைக்கு வேலைக்கு வராத.”

எழுதினேன். இருபத்தாறாம் நாள், தையலில் சீழ், காய்ச்சல் 101, மூன்று நாளாகக் கடும் வலி. கீழே முழுப் பெயரையும் போட்டு, தாளை ஐயாவின் கையிலேயே கொடுத்தேன். மறுநாள் என்னைக் கேட்டுக்குள் விடவில்லை.

முப்பதாம் நாள் ஐயா போன் செய்தார்.

“எப்பிடி இருக்குது ஐயா?”

“நல்லா வலிக்குதுமா. தெறந்து கழுவுனாங்க. இன்னும் ரெண்டு நாள் உட்டிருந்தா காலு இல்லன்னு டாக்டர் சொன்னாரு. இப்பல்லாம் வலிச்சா வலிக்குதுன்னு சொல்லிடறன். ஓடி வராங்க.”

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

“உனக்கு வேல போயிடுச்சாமே?”

பரவாயில்லை என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. முழுங்கினேன்.

“போச்சு ஐயா. வயிறு எரியுது. ஆனா மீதிப் பதினோரு பேரும் அங்கதான் படுத்துனு இருக்காங்க. கலெக்டருக்கு மனு எழுதிக்கினு இருக்கன்.”

“எழுதி எடுத்துனு வா,” என்றார். “மொத கையெழுத்து என்னுது.”