பத்து டிகிரி தள்ளுபடி

"மற்ற ஊர்களின் வெப்பத்தைச் சூரியன் தீர்மானிக்கிறான். ஏற்காட்டின் குளுமையையோ இயற்கை அன்னை தன் கையால் எழுதி வைத்திருக்கிறாள். அந்த எழுத்து நேற்று அழிந்ததில்லை, இன்றும் அழியாது, உலகம் உள்ளளவும் அழியாது."

மலர் விழாக் குழுவின் தலைவர் கந்தசாமி இப்படி முழங்கிவிட்டு உட்கார்ந்தபோது, அவருடைய மல் ஜிப்பா முதுகோடு ஒட்டி, உள்ளே போட்டிருந்த பனியனின் ஓட்டை வரைக்கும் வெளியே காட்டிக்கொடுத்தது. உறுப்பினர்கள் கை தட்டினார்கள். தட்டி முடித்த கையோடு ஆளுக்கொரு விழா அழைப்பிதழை எடுத்து விசிறிக்கொண்டார்கள்.

எண்பதுகளின் நடுவில் ஒரு மே மாதம் அது. மூலையில் உட்கார்ந்து தீர்மானங்களை எழுதிக்கொண்டிருந்த தேவகுமாரிக்கு ஏழாவது தீர்மானத்தில் பேனா நின்றுவிட்டது. 'விழா நாட்களில் ஏற்காட்டின் வானிலை இதமாக இருக்கும்.'

"ஐயா, இதைத் தீர்மானமாப் போடலாமுங்களா?"

"ஏம்மா, எதுத்து யாராச்சும் கை தூக்குனாங்களா?"

யாரும் தூக்கவில்லை. சூரியன் குழுவில் உறுப்பினரும் இல்லை. ஒருமனதாக நிறைவேறியது என்று எழுதி, கீழே கோடு போட்டாள்.

தேவகுமாரிக்கு முப்பத்து மூன்று வயது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஏரிச்சாலை ஓரமாக விழாக் குழு வைத்திருந்த தகவல் நிலையத்தில் இரண்டு வருஷமாகத் தற்காலிக வேலை. வருகிற ஜூன் மாதம் நிரந்தரம் ஆக்குவதாகத் தலைவர் வாக்குக் கொடுத்திருந்தார். லாட்ஜ்களின் பெயரைச் சொல்வது, பஸ் நேரம் சொல்வது, இதோடு தினமும் ஒரு முக்கியமான காரியமும் உண்டு. நிலையத்தின் வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு கரும்பலகை. அதில் 'இன்றைய வெப்பநிலை' என்று மேலே எழுதியிருக்கும். நடுப்பகலில் அவள் பின்சுவரில் நிழலில் தொங்கும் வெப்பமானியைப் பார்த்து, எண்ணைச் சாக்பீஸால் எழுத வேண்டும்.

பார்த்த எண்ணை அல்ல. ஆடி மாதத்தில் ஜவுளிக் கடைக்காரர் துணியில் தள்ளுபடி தருவதுபோல, மே மாதத்தில் தலைவர் வெயிலில் தள்ளுபடி தந்தார். முப்பத்திரண்டு என்றால் இருபத்திரண்டு. முப்பத்து நான்கு என்றால் இருபத்து நான்கு. பத்து டிகிரிக்கு மேல் குறைக்கச் சொன்னதில்லை. மனச்சாட்சி உள்ள மனிதர்.

அவருக்கு இதில் சொந்த அக்கறையும் இருந்தது. ஏரிச்சாலையில் அவருடைய லாட்ஜின் முகப்பில் முழ உயர எழுத்தில் எழுதியிருக்கும்: 'எங்கள் அறைகளில் மின்விசிறி இல்லை. தேவையும் இல்லை.'

விழாவுக்கு முந்தைய நாள் ஏரிச்சாலையில் ஒத்திகை நடந்தது. சென்னையிலிருந்து வரும் பெரிய அதிகாரியை வரவேற்க, தலைச்சோலைப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து அறுபது பெண்களைக் கொண்டுவந்திருந்தார்கள். வராவிட்டால் திங்கட்கிழமை வேலை இல்லை என்று மேஸ்திரி மாதேஸ்வரன் முன்கூட்டியே அன்போடு சொல்லி வைத்திருந்தார். சில்வர் ஓக் மர வரிசையின் ஓரமாகப் பூத்தட்டோடு அவர்கள் நிற்க வேண்டும். கார் வருகிறபோது தட்டை உயர்த்த வேண்டும். கார் இல்லாத ஒத்திகையில் மூன்று மணி நேரம் உயர்த்தியும் இறக்கியும் நின்றார்கள். மழையில்லாமல் காய்ந்த மரங்களின் நிழல் ஒரு பூத்தட்டுக்கும் போதாது.

ஒன்றரை மணிக்கு ஆராயி விழுந்தாள். நாற்பது வயது; எஸ்டேட்டில் குழி வெட்டிக் காய்த்த கை. விழும்போதும் தட்டைச் சாய்க்காமல் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் விழுந்தாள்.

"எந்திரி. நடிப்பெல்லாம் இங்க வேண்டாம்" என்றார் மாதேஸ்வரன்.

"நடிப்பில்லீங் மேஸ்திரி. தலை சுத்துதுங்க. ஒடம்பெல்லாம் எரியுதுங்க."

"எரியுதா? அந்தா பலகையப் பாரு. இருவத்தி நாலு. இருவத்தி நாலு டிகிரியில எவளாச்சும் மயங்குவாளா? கவர்மெண்டு கணக்கு பொய் சொல்லுமா?"

அது கவர்மெண்டுக் கணக்கும் அல்ல. ஆனால் சாக்பீஸில் எழுதினால் எதுவும் கவர்மெண்டு போல ஆகிவிடுகிறது. சாலையைத் தாண்டி, வேர்வையில் நனைந்த சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே ஆராயி தகவல் நிலையத்துக்கு நடந்து வந்தாள். தேவகுமாரி சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். பாதியைக் குடித்து, பாதியைத் தலையில் ஊற்றிக்கொண்டு ஆராயி கேட்டாள்.

"ஏனுங்க அம்மிணி, எனக்குப் படிக்கத் தெரியாது. அதுல இருவத்தி நாலுன்னுதான் போட்டிருக்குதுங்களா?"

"ஆமா ஆராயி."

"அப்ப எனக்குத்தான் ஒடம்புல ஏதோ கோளாறுங்களா?"

கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே பயந்துபோய்க் கேட்டாள். தன் உடம்பை நம்புவதா, பலகையை நம்புவதா என்று தெரியாமல் நின்றாள். தேவகுமாரி சொம்பை வாங்கி வைத்தாள். பின்சுவருக்குப் போய்ப் பார்த்தாள். நடுப்பகலில் முப்பத்து நான்கில் நின்ற பாதரசம் இப்போது முப்பத்தைந்தைத் தொட்டிருந்தது. அதுவும் நிழலில்.

அன்று மாலை வானொலியில் வானிலை வாசித்தார்கள். சேலம் சுற்றுவட்டாரத்தில் மறுநாள் கடும் அனல் வீசும், மக்கள் நடுப்பகலில் வெளியே நிற்க வேண்டாம். பிற்பகலுக்கு மேல் மலைப்பகுதிகளில் இடி மின்னலோடும் பலத்த காற்றோடும் மழை பெய்யக்கூடும், மரத்தடிகளில் ஒதுங்க வேண்டாம். வாசித்தவர் கல்யாணப் பத்திரிகை வாசிக்கிற குரலில் வாசித்தார். தேவகுமாரி அதை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு நேரே லாட்ஜுக்குப் போனாள்.

தலைவர் தன் ஆபீஸ் அறைக் கதவை ஒரு சாண் அளவுதான் திறந்தார். அந்த இடைவெளி முழுவதையும் தானே அடைத்துக்கொண்டு நின்றார். அவர் முதுகுக்குப் பின்னால் காகிதங்கள் படபடத்தன. ஜன்னல் திறந்திருக்கும்போல என்று தேவகுமாரி நினைத்துக்கொண்டாள். வெளியே ஓர் இலைகூட அசையவில்லை.

"ஐயா, நாளைக்கு அந்தப் பொம்பளைங்களை மரத்தடியில நிறுத்த வேண்டாமுங்க. வெயிலுக்கு ஒருத்தி இன்னைக்கே விழுந்துட்டா. மத்தியானத்துக்கு மேல இடியும் இருக்குதுன்னு ரேடியோவுல..."

"ரேடியோக்காரன் சொன்னான்னு என்னைக்காச்சும் நீ கொடை எடுத்திருக்கியாம்மா?"

"இல்லீங்க."

"அப்பறம்? போன மாசம் மழைன்னான், ஒரு சொட்டு விழுகல. இப்ப மழை இல்லாட்டி இடிங்கறான். நாம தீர்மானமே போட்டாச்சு. ஏழாம் நம்பரு. நாளைக்கு இருவத்தி மூணு போட்டுரு. பெரியவர் வர்றாரு, ஒண்ணு கொறைஞ்சா நல்லா இருக்கும்."

"பதினொண்ணு கழிக்கோணுங்களா?"

"ஜூன் மாசம் பக்கத்துல வந்திருச்சு, தேவகுமாரி. நெனப்பு வெச்சுக்க."

கதவு சாத்திக்கொண்டது.

மறுநாள் காலை ஒன்பதரை மணிக்கு வெயில் பாறையில் தோசை வார்க்கிற பதத்துக்கு வந்திருந்தது. தேவகுமாரி பலகையைத் துடைத்தாள். சாக்பீஸை எடுத்தாள்; கீழே வைத்தாள். சாக்பீஸை யாரும் துடைத்துவிடலாம். ஏரிச்சாலையில் கட்டிய விழா வளைவுக்கு அடித்தது போக மீந்த சிவப்பு இனாமல் பெயிண்ட் டப்பா மூலையில் இருந்தது. அதையும் பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு, ஸ்டூல் போட்டு ஏறினாள்.

'நேற்று நிழலில் 35. இன்று இன்னும் கூடும். பிற்பகல் இடி, மின்னல், பலத்த காற்று. வெயிலில் நிற்காதீர். மரத்தடியில் நிற்காதீர்.'

இரண்டு வருஷத்தில் அந்தப் பலகையில் அவள் எழுதிய முதல் உண்மை அது. அதனாலோ என்னவோ எழுத்து கொஞ்சம் கோணலாக இருந்தது.

சேதி தலைவருக்குப் போகப் பத்து நிமிஷம் ஆயிற்று. விழாவுக்கென்று வாங்கிய புது வெள்ளைத் துண்டோடு வந்தவர், அதைத் தோளிலிருந்து உருவிப் பலகையைத் தேய்த்தார். காயாத பெயிண்ட். முப்பத்தைந்து துடைக்கத் துடைக்க அகலமாயிற்று. மின்னல் பலகையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நீண்டது. பஸ் ஸ்டாண்டில் இருந்தவர்களெல்லாம் எழுந்து வந்து படித்தார்கள்.

"உன்ற வேலை போச்சு."

"போகட்டுங்க. இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் நான்தானுங்களே இங்க? அதுவரைக்கும் பலகை இப்படித்தான் இருக்கும்."

சிவந்துபோன துண்டை அதிகாரியின் முன்னால் தோளில் போட முடியாது. அதைச் சுருட்டிக்கொண்டு அவர் லாட்ஜுக்குள் போய் ஆபீஸ் அறையில் போட்டுவிட்டு, வெறுந்தோளோடு திரும்பி வந்தார்.

பதினொரு மணிக்கு வர வேண்டிய கார் பன்னிரண்டுக்கும் வரவில்லை. அறுபது பெண்களும் வரிசையில் நின்றார்கள். தேவகுமாரி சாலையைக் கடந்து போய், வரிசையின் முன்னால் நின்று, பலகையில் இருந்ததை உரக்கப் படித்தாள். பிறகு ஆராயியைப் பார்த்தாள்.

"ஆராயி, நேத்து உன்ற ஒடம்புல ஒரு கோளாறும் இல்ல. பலகைதான் பொய். எழுதுனது நான்தான்."

ஆராயி பலகையை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள்.

"எத்தனை நாளாங்க அம்மிணி?"

"ரெண்டு வருஷமா."

"நல்லா எழுதுனீங்க" என்றாள் ஆராயி. பூத்தட்டைத் தரையில் வைத்தாள். "ஏண்டி, இன்னும் எதுக்கு நிக்கறீங்க? வாங்க போலாம்."

"எங்க போறீங்க? நில்லுங்க" என்று மாதேஸ்வரன் குறுக்கே கையை நீட்டினார். தலைவரும் ஓடி வந்தார். "வரிசைய உட்டு நகந்தா ஒருத்திக்கும் திங்கக்கெழமை வேலை கெடையாது, சொல்லிப்புட்டேன்" என்றார் மேஸ்திரி.

"திங்கக்கெழமை உசுரோட இருந்தாத்தானுங்க வேலைக்கு வரோணும்" என்றாள் ஆராயி. "வரிசை அழகா இருக்கோணும்னா நீங்களே வந்து நில்லுங்க சாமி. தட்டு இந்தா இருக்குது. நாங்க ஒக்காந்து பாக்கறோம்."

யாரோ ஒருத்தி சிரித்தாள். அவ்வளவுதான், அறுபது தட்டுகளும் வரிசையாகத் தரைக்கு வந்தன. எதிரே பெரிய கட்டடம் என்று இருந்தது தலைவருடைய லாட்ஜ் ஒன்றுதான். அவர்கள் அதன் வராந்தாவில் போய் உட்கார்ந்தார்கள். தேவகுமாரி குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்தாள். தலைவர் வாசலில் நின்று போலீஸைக் கூப்பிடப் போவதாக மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் யாரும் எழுந்திருக்கவில்லை.

இரண்டரை மணிக்குச் சேதி வந்தது. மலைப்பாதையின் பதினான்காம் கொண்டை ஊசி வளைவில் அதிகாரியின் காருடைய ரேடியேட்டர் கொதித்து, கார் நின்றுவிட்டது. அதிகாரி ஒரு பலா மரத்தடியில் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாராம்.

தலைவர் பதில் சொல்வதற்குள் வானம் இருண்டது. சேர்வராயன் கோயில் பக்கமிருந்து காற்று மண்ணை வாரிக்கொண்டு இறங்கியது. கண்ணைக் கூசுகிற ஒரு வெளிச்சம். அதோடு சேர்ந்தே ஒரு சத்தம். ஏரிச்சாலையில் வரிசையின் முதல் சில்வர் ஓக் உச்சியிலிருந்து அடிவரை பிளந்தது. ஒரு பாதி விழா வளைவின் மேல் விழுந்து, அதையும் இழுத்துக்கொண்டு, தரையில் இருந்த பூத்தட்டு வரிசையின் மேல் படுத்தது. மழை கொட்டியது. கரண்ட் போனது.

வராந்தாவில் சாரல் அடிக்கவே எல்லோரும் லாட்ஜின் கூடத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டார்கள். தலைவரும் மாதேஸ்வரனும் நனைந்த கோழிகளாக உள்ளே வந்தார்கள். தலைவர் மட்டும் ஒரு நிமிஷம் தன் ஆபீஸ் அறைக்குள் போய்விட்டு வந்தார். ஆராயி வாசல் வழியாக நசுங்கிக் கிடந்த தட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"அந்த மரத்தடியிலதான் நான் நின்னிருக்கோணும்" என்றார் மாதேஸ்வரன் மெதுவாக. "வரிசைக்குத் தலமாட்டுல. ஐயாதான் எடம் காட்டுனாரு." பிறகு ஆராயியின் பக்கம் திரும்பி, "நேத்து நடிப்புன்னு சொன்னதை மனசுல வெச்சுக்காத" என்றார்.

தலைவர் தொண்டையைச் செருமினார். ஒரு கூட்டம் கூடியிருக்கிறபோது பேசாமல் இருந்து அவருக்குப் பழக்கமில்லை.

"யாரும் பயப்பட வேண்டாம். இது மலைக்கே உரிய சாதாரணத் தூறல். நம்ம ஊருக்குச் சூடுங்கறதே கெடையாது. இந்த அம்மா கெளப்பிவிட்ட வதந்தி அது. இயற்கை அன்னை..."

"ஐயா, கொஞ்சம் நிறுத்துங்க" என்றாள் தேவகுமாரி.

அவர் நிறுத்தினார். அவருக்கே அது ஆச்சரியம்.

"நீங்க சொன்னீங்க, நான் எழுதுனேன். ரெண்டு பேருமே நெழல்ல ஒக்காந்துட்டு எழுதுனோம். ஊர்ப் பெருமைக்குன்னு நாம மறைக்கற ஒவ்வொரு டிகிரியையும் வெளிய நிக்கற ஒருத்தரோட ஒடம்புதானுங்க தாங்கோணும். எண்ணைக் கொறைச்சா வெயில் கொறையாது. எச்சரிக்கையத் தொடைச்சா இடி திரும்பிப் போகாது. வரப்போற ஆபத்தை முன்னாலயே ஒருத்தர் சொல்றாங்கன்னா, அதை ஊரறியச் சொல்லோணும். அதுல அவமானம் ஒண்ணுமில்ல. மறைக்கறதுதானுங்க அவமானம். ஜூன் மாச வேலைய நீங்களே வெச்சுக்கோங்க. நாளைக்கும் நான் வந்து பலகையில எழுதுவேன். சம்பளம் இல்லாட்டியும் எழுதுவேன். பெயிண்ட் இன்னும் அரை டப்பா இருக்குது."

"நாங்க படிக்கச் சொல்லிக் கேப்போமுங்க" என்றாள் ஆராயி.

கந்தசாமி நிமிர்ந்தார். விரலை உயர்த்தினார். "ஏற்காட்டுக்கு வேர்க்காதும்மா. எழுதி வெச்சுக்க. வேர்க்கவே வேர்க்காது."

கரண்ட் வந்தது.

கூடத்தின் விளக்குகள் எரிந்தன. கூட்ட நெரிசலில் தலைவருடைய ஆபீஸ் அறைக் கதவு திறந்துகொண்டிருந்தது. உள்ளே மேசையின் மேல், சிவப்புப் பெயிண்ட் படிந்த துண்டு எதையோ மூடிக்கொண்டிருந்தது. துண்டு மெல்ல உப்பியது. பிறகு பறந்து வந்து வாசற்படியில் விழுந்தது.

மேசை விசிறி. மூன்றாம் எண்ணில் வைத்திருந்தார்கள். சேலத்துக் கடைக்காரர் கட்டிய விலைச் சீட்டு இன்னும் அதில் தொங்கிக்கொண்டிருந்தது.