முனை வெட்டாத சுருட்டு

1

இந்தக் கதை ஒரு மொழிபெயர்ப்பு நாவலின் நடுவில், மந்தைவெளியிலிருந்து தி. நகர் போகும் பேருந்தில் பிறந்தது. நாவலின் பெயர் வேண்டாம். அதில் மழை ஓயாத ஓர் ஊர். ஒரு நீதிபதி, தீர்ப்பு எழுதுவதற்கு முன்னால், மேசைமேல் இரண்டு சுருட்டுகளை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருக்கிறார். ஒன்று நேரானது. மற்றது முனையில் கூம்பியது. கூம்பியதை எடுத்துப் பற்றவைக்கிறார். அடுத்த அத்தியாயத்தில் ஒருவனுக்குத் தூக்கு.

நேரானதை எடுத்திருந்தால் அவன் பிழைத்திருப்பானா?

சிரிக்காதீர்கள். இப்படிப்பட்ட சந்தேகங்களால்தான் நான் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிடுகிறேன். சுருட்டின் வடிவம் மாறினால் புகை மாறுமா? ருசி மாறுமா? நான் சுருட்டு பிடித்ததில்லை. பனியையும் பார்த்ததில்லை, ஆனால் என் கால்கள் பனியில் பலமுறை மரத்துப்போயிருக்கின்றன. எல்லாம் யாரோ ஒரு மொழிபெயர்ப்பாளரின் தயவு. சுருட்டு விஷயத்தில் மட்டும் அந்தத் தயவு போதவில்லை. பேருந்திலிருந்து இறங்கி, பாண்டி பஜாரை ஒட்டிய ஒரு தெருவில், வழக்கமாகக் கடந்துபோகும் அந்தக் கடைக்குள் நுழைந்தேன்.

2

முதல் வரிக்கு நான் செய்த முயற்சிகள்:

"சைஃபின் விரல்களில் எப்போதும் புகையிலை வாசனை" — வேண்டாம். வாசனையைப் பற்றிப் பிறகு ஒரு விஷயம் வருகிறது. அதை இங்கேயே செலவழிக்கக் கூடாது.

"ஒரு இளம்பெண் சுருட்டுக் கடைக்குள் நுழைந்தபோது, அந்தத் தெரு முழுவதும்" — இதை முடிக்க முடியவில்லை. தெரு ஒன்றுமே செய்யவில்லை என்பதுதான் காரணம். எல்லோரும் துணிக்கடைப் பைகளோடு தங்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"நீதிபதி கூம்பியதை எடுத்தார்." இது நல்ல வரி. ஆனால் என்னுடையது இல்லை.

ஆகவே நேராகச் சொல்லிவிடுகிறேன். கடை ஷரஃபுதீன் என்பவருடையது. கல்லாவுக்குப் பின்னால் நின்றிருந்தவர் அவருடைய தங்கை மகன் சைஃப். முப்பதை ஒட்டிய வயது, சுத்தமான வெள்ளைச் சட்டை. ஷரஃபுதீன் அப்போதுதான் மாலை அஸர் தொழுகைக்குக் கிளம்பியிருந்தார்.

"வாங்க மேடம். யாருக்கு, அப்பாவுக்கா?"

"இல்ல. நான் கதை எழுதுறவ. ஒரு சந்தேகம் கேக்க வந்தேன்."

"சந்தேகம்லாம் ஃப்ரீதான். கேளுங்க."

"சுருட்டோட வடிவம் மாறினா ருசி மாறுமா?"

அவர் கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டபடியே நின்றுவிட்டார். இந்தக் கேள்விக்காகவே கடை திறந்து வைத்திருந்தவர் மாதிரி இருந்தது அந்த முகம்.

"இன்னா மேடம் இப்டி கேட்டுட்டீங்க. வடிவம்தான் எல்லாமே."

3

அவர் சொன்னதை என் வாக்கியத்தில் சுருக்கப் பார்த்தேன். கட்டுரை மாதிரி ஆகிவிட்டது. அவர் குரலிலேயே விடுகிறேன்.

"இது மொத்தம். கைல வச்சுப் பாருங்க. மெதுவா எரியும், புகை சூடு தணிஞ்சு வரும். இது மெலிசு. அவசரமா இழுத்தீங்க, நாக்கைச் சுட்டுடும். மெலிசுல மேல சுத்தின இலைதான் பேசும். மொத்தத்துல உள்ள கீற இலைங்க பேசும். இத்த பாருங்க, முனை கூம்பு. டார்பிடோன்னு பேரு. புகை பரவாம ஒரே எடத்துல சேர்ந்து நாக்குல விழும். நீங்க முனைய எங்க வெட்டுறீங்களோ, அதான் வாசல். கொஞ்சமா வெட்டினா சின்ன வாசல். கீழ எறங்கி வெட்டினா பெரிய வாசல். கம்பெனிக்காரன் பாதிதான் செய்றான் மேடம். மீதிய பிடிக்கிறவர் செஞ்சுக்கணும்."

"அப்ப தரம்?"

"தரம் இலைல கீது. மட்டமான இலைய நீங்க தாஜ்மகால் வடிவத்துல சுருட்டினாலும் மட்டம்தான். ஆனா நல்ல இலை உங்ககிட்ட வந்து சேர்ற வழி கீதே, அது வடிவம்."

(நான் இதைக் கேட்டுக்கொண்டு நின்றபோது கதைகளை நினைத்துக்கொண்டேன் என்று எழுதினால் நம்புவீர்களா? அப்போது நினைக்கவில்லை. பேருந்தில் திரும்பும்போதுதான் நினைத்தேன். ஒரே சம்பவத்தை மொத்தமாகவும் எழுதலாம், மெலிசாகவும் எழுதலாம். இந்தக் கதையைக் கூம்பாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.)

இன்னொன்றையும் அப்போது கவனிக்கவில்லை. சூடு, கனம், இறுக்கம், உதட்டில் படும் இடம் என்று அவர் எல்லாவற்றையும் சொன்னார். வாசனை என்ற சொல் மட்டும் ஒருமுறைகூட வரவில்லை.

4

இங்கே சுயம்புலிங்கம் வருகிறார். அடுத்த தெருவில் ஜவுளிக்கடை. சொந்த ஊர் திசையன்விளைப் பக்கம். இவரைக் கதையிலிருந்து எடுத்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ரொம்பவும் கதாபாத்திரம் மாதிரி இருந்தார். ஆனால் மஞ்சள் பையோடு உள்ளே வந்தது அவர்தான், நான் வரவழைக்கவில்லை.

"யாரு தம்பி இந்தப் பாப்பா?"

"கத எழுதுறாங்களாம் அண்ணாச்சி. சுருட்டப் பத்தி."

"ஏம்மா, வேற சோலி கிடைக்கலயா?" என்று என்னிடம் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சைஃப் பக்கம் திரும்பினார். "தம்பி, ஒம்ம கூம்புச் சுருட்டு சரியில்ல வே. ஒரே இலை, வடிவம்தான் வேறன்னு சொல்லி நேரா ஒண்ணு, கூம்பு ரெண்டு குடுத்தீருல்லா? நேரா இருந்தத அன்னைக்கே பிடிச்சேன். அம்சமா இருந்துச்சு. கூம்ப நேத்துப் பத்த வச்சா, கஷாயம் குடிச்ச மாதிரி இருக்கு. கூம்புலதான் ஏதோ கோளாறு."

"கூம்புல கோளாறே வராது அண்ணாச்சி."

"மிச்சம் ஒண்ணு இருக்கு. நீரே பிடிச்சுப் பாரும்."

பையிலிருந்து அவர் சுருட்டை எடுத்தபோதே எனக்கு ஒரு வாசனை வந்தது. அவர் சட்டையிலிருந்து வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். சைஃப் வாசலை எட்டிப் பார்த்தார். மாமா வர இன்னும் நேரம் இருந்தது. சந்துப் பக்கம் திறக்கும் பின்கதவுக்குப் போய், முனையை அளவாக வெட்டி, பற்றவைத்து, கண்ணை மூடி இழுத்தார்.

"அருமையா கீது அண்ணாச்சி. முனைல புகை சேர்ந்து வருதுல்ல, அதான் உங்களுக்கு ஸ்ட்ராங்கா தெரியுது. நல்ல காப்பித்தூள் ருசி. அப்பறம் கொஞ்சம் மரப்பட்டை."

புகை எங்களை நோக்கி வந்தது. புகையிலைக்கு அடியில், சந்தேகமே இல்லாமல், துணி பீரோவைத் திறந்தால் வரும் அந்த நெடி.

"அந்துருண்டை வாசனை வரலையா உங்களுக்கு?" என்று கேட்டேன்.

அந்த வாக்கியம் எப்படி விழுந்தது என்று விவரிக்க நான் பல உவமைகளை எழுதி அடித்துவிட்டேன்.

முதலில் சிரித்தது அண்ணாச்சிதான். "அட, ஆமாம்மா. சேலை குடோன்லல்லா வச்சிருந்தேன். வீட்ல வச்சா எம் பொண்டாட்டி முத்துலட்சுமி என்னைய வெளிய வச்சிருவா. நான் சின்ன வயசுலேருந்து அந்துருண்டையோட கெடக்கேன். எனக்கு அது வாசனையே கிடையாது, வெறும் காத்துதான்." சிரித்துக்கொண்டே சைஃபைப் பார்த்தவர், சிரிப்பை நடுவிலேயே நிறுத்தினார். "எனக்குத் தெரியல, சரி. ஒமக்கு ஏன் வே தெரியல?"

5

சைஃப் பின்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"காய்ச்சல் வந்துச்சு அண்ணாச்சி, ரெண்டு வருஷம் முன்னாடி. காய்ச்சல் போச்சு, கூடவே வாசனையும் போச்சு. பிரியாணி வாயில வச்சா சூடு தெரியும், உப்பு தெரியும், காரம் தெரியும். பிரியாணி தெரியாது."

"காப்பித்தூள், மரப்பட்டைன்னு சொன்னீரே?"

"அது பழைய ஞாபகம்."

வடிவம்தான் எல்லாமே என்று அவர் ஏன் சொன்னார் என்பது அப்போது எனக்குப் புரிந்தது. அவரிடம் மிச்சமிருந்தது அதுதான். விரலும் உதடும் நாக்கும் சொல்கிற செய்திகளை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் இரண்டு வருடமாகக் கடை நடத்தியிருக்கிறார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஒரு பாதிதான் இல்லை.

"உங்க மாமாவுக்குத் தெரியாதா?" என்று கேட்டேன்.

"எப்டித் தெரியும்? அவர் முன்னாடி நான் பிடிக்கறதே இல்லியே."

இதை விளக்க வேண்டும். சைஃப் பிடிப்பார் என்று ஷரஃபுதீனுக்குத் தெரியும். தெரியும் என்று சைஃபுக்கும் தெரியும். இருந்தாலும் மாமாவின் வெள்ளைத் தொப்பி தெருமுனையில் தெரிந்தால் சுருட்டு அணைந்துவிடும். மருமகன் மாமாவுக்குக் கொடுக்கும் மரியாதை அது. சுருட்டு விற்கிற கடையிலும் அதில் மாற்றமில்லை. மாமாவும் உள்ளே வரும்முன் ஒருமுறை இருமுவார். இருவரும் அருகருகே உட்கார்ந்து ஒரு சுருட்டைப் பற்றிப் பேசியதே கிடையாது. அந்த மரியாதைக்குள்தான் இந்த விஷயம் ஒளிந்துகொண்டிருந்தது.

"வர்ற வெள்ளிக்கெழம பெசன்ட் நகர்ல புதுக்கடை. என்னைத்தான் பாத்துக்கச் சொல்லிட்டார். சரக்க நானே தெறந்து, மோந்து பாத்து, எது வேணும் எது வேணாம்னு சொல்லணுமாம். 'என் மூக்குக்கு வயசாயிடுச்சு, இனிமே உன் மூக்குதான்'னு ஜமாஅத்ல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கார். இப்ப போய் நான் இன்னா சொல்றது?"

"டாக்டர் என்ன சொல்லுதாரு?"

"வரலாம்ன்றார். கொஞ்சம் கொஞ்சமா. போன வாரம் அடையாறு டிப்போ பக்கம் நின்னுக்கினு இருந்தேன். பஸ் போச்சு. ஒரு செகண்ட், டீசல் வாசனை வந்துச்சு அண்ணாச்சி. நடுரோட்ல அழுதுட்டேன்."

அண்ணாச்சி வேட்டியை மடக்கிக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஒண்ணு சொல்லுதேன் கேளும். சுருட்டு வாசனைய நான் என்னைக்கும் கண்டுபிடிச்சதில்ல. அந்துருண்டைல ஊறுன மூக்கு இது. நீரு காப்பித்தூளும்பீரு, உடனே எனக்குக் காப்பித்தூளாத் தெரியும். ஒம்ம பேச்சக் கேட்டுத்தான் இத்தன நாள் பிடிச்சேன். நேத்து நீரு பக்கத்துல இல்ல, அதான் கஷாயமா இருந்துச்சு."

"அது அந்துருண்டை அண்ணாச்சி."

"அதுவுந்தான்."

சைஃப் சிரித்தார். அன்று முதல்முறையாக.

(இங்கே என்னைப் பற்றி ஒரு வாக்கியம். நானும் பிறர் பேச்சைக் கேட்டே எல்லாவற்றையும் ருசித்தவள். அது குறைதானா என்று எனக்கு — சரி, இது அவருடைய கதை.)

6

இப்போது முடிவுகள்.

முடிவு ஒன்று: மாமா தொழுகை முடிந்து வருகிறார். அவர் சட்டையின் அத்தர் சைஃபின் மூக்கில் திடீரென ஏறுகிறது. எல்லாம் திரும்பிவிடுகிறது. இதை எழுதவும் செய்தேன். எழுதியதைப் படித்தபோது, டீசலுக்காக நடுரோட்டில் அழுத ஒருவரை ஏமாற்றியது போல இருந்தது. ஒரு வரியில் மூக்கைத் திருப்பித் தரும் அதிகாரம் எனக்கு இருக்கிறது. அதனால்தான் தரக் கூடாது.

முடிவு இரண்டு: மாமாவுக்கு ஏற்கெனவே தெரியும். தினமும் காலையில் சைஃப் வருவதற்கு முன்பே அவர் எல்லாப் பெட்டிகளையும் மோந்து வைத்துவிடுகிறார். இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இது உண்மையென்றால், சைஃப் எதையும் வாய்திறந்து சொல்ல வேண்டியதில்லை. சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

முடிவு மூன்று: சொல்கிறார், மாமா கடையை வேறொருவருக்குக் கொடுத்துவி

இதை நான் முடிக்கப்போவதில்லை.

7

நடந்தது இவ்வளவுதான்.

அண்ணாச்சி கிளம்பும்போது, "அத அணைச்சுத் தொலையும், அந்துருண்டைய யாராவது குடிப்பாவளா" என்றார். சைஃப் அணைக்கப் போனார். அப்போது, கடையின் முன்வாசல் வழியாக, தெருமுனையில் வெள்ளைத் தொப்பி தெரிந்தது. ஷரஃபுதீன் இரண்டு ஆட்டோக்களுக்கு நடுவே புகுந்து சாலையைக் கடந்துகொண்டிருந்தார்.

சைஃப் அதைப் பார்த்தார். அவர் கை தானாகவே சுவர்ப் பக்கம் போனது. பழக்கம். பிறகு நின்றது. சுருட்டை அப்படியே பிடித்துக்கொண்டு, கடைக்குள் வந்து, கல்லாவுக்கு முன்னால் நின்றார். புகை அவர் முழங்கையைச் சுற்றி மேலே போனது.

மாமா படியில் ஏறுமுன் வழக்கம்போல இருமினார். காத்திருந்தார். மறுபடி இருமினார். சுருட்டு அணையவில்லை. உள்ளே வந்தவர் முதலில் சைஃபின் கையைப் பார்த்தார். அப்புறம் முகத்தை. பிறகு, வயதாகிவிட்டது என்று அவரே சொன்ன அந்த மூக்கைச் சுருக்கினார்.

"மாமா," என்றார் சைஃப், "இதுல இன்னா வாசனை வருதுன்னு நீங்க சொல்லுங்க."

அண்ணாச்சி என் முழங்கையைத் தொட்டு, வா என்று கண்ணால் சொன்னார். இருவரும் வெளியே வந்துவிட்டோம். தெருவில் அவர் தன் கடைப் பக்கம் போனார், நான் பேருந்து நிறுத்தத்துக்கு. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று இருவருமே பேசாமல் முடிவுசெய்திருந்தோம். நான் ஒருமுறை பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் மாமா தன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு நாற்காலியையும் இழுத்தாரா என்பதை ஒரு ஆட்டோ மறைத்துவிட்டது.

8

நாளை வெள்ளிக்கிழமை. இந்தக் கதையை இன்றே முடித்துவிட வேண்டும்; நாளைக்கு மேல் அது வெறும் செய்தியாகிவிடும்.

நல்ல சுருட்டின் ஒரு முனை மூடியே விற்கப்படும். வெட்டித் தரட்டுமா என்று சைஃப் கேட்பார். வேண்டாம் என்று சொல்கிறவர்களை அவருக்குப் பிடிக்கும். இலையை நான் மாற்றவில்லை. உள்ளே இருப்பது அன்றைக்குக் கிடைத்ததுதான். கூம்பாக்கியது மட்டும் என் வேலை.

பெசன்ட் நகர் பக்கம் இருப்பவர்கள் நாளை மாலை கடற்கரைக்குப் போகும் வழியில் அந்தப் புதுக்கடையை எட்டிப் பாருங்கள். எதுவும் வாங்க வேண்டாம். சரக்குப் பெட்டியைத் திறக்கும்போது அங்கே ஒருவர் நிற்கிறாரா, அல்லது ஒருவர் மோந்து பார்க்க, மற்றவர் விரலால் அழுத்திப் பார்க்க, இரண்டு பேர் நிற்கிறார்களா என்று மட்டும் பாருங்கள்.

பார்த்துவிட்டு எனக்குச் சொல்ல வேண்டாம். வெட்டுவது உங்கள் வேலை.